பழைய காரைப் புதுப்பிப்போம்



உங்கள் தெருவிலோ உறவினர் வீட்டுக் கொட்டகையிலோ பல ஆண்டுகளாக ஓடாமல் நிற்கும் ஒரு பழைய காரை நீங்கள் பார்த்திருக்கலாம். சக்கரங்களில் காற்று இல்லை. கதவின் அடிப்பகுதியில் துரு ஏறியிருக்கிறது. பானெட்டைத் திறந்தால் எலி கூடு கட்டியிருக்கிறது. "இதை மறுபடியும் ஓட வைக்க முடியுமா? அதற்கு எவ்வளவு பணம் வேண்டும்?" என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

பெரும்பாலும் முடியும். பணம் எவ்வளவு என்பது, வேலையை எந்த வரிசையில் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்கள் பலர் முதலில் பெயிண்ட் அடிக்கிறார்கள், இருக்கைக்கு உறை தைக்கிறார்கள். கார் பளபளக்கிறது, ஆனால் பிரேக் பிடிப்பதில்லை. அதற்குள் பணமும் தீர்ந்துவிடுகிறது. குறைந்த செலவில் செய்ய விரும்புபவர் இதற்கு நேர்மாறாகச் செல்ல வேண்டும். முதலில் சோதனை, அடுத்து கார் நிற்பதற்கான வேலை, அதன்பின் ஓடுவதற்கான வேலை, அழகு கடைசியில். இந்த வரிசைக்கு உள்ள அறிவியல் காரணங்களை இங்கே காண்போம். அவற்றுள் பெரும்பாலானவை உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன!

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காரைத் தூக்குதல், வெல்டிங், பெட்ரோல் வேலை, ஓட்டிப் பார்த்தல் ஆகியவை பெரியவர்கள் செய்ய வேண்டியவை. சோதித்தல், அளத்தல், கணக்கிடுதல், குறித்து வைத்தல் ஆகிய நான்கும் உங்களால் நன்றாகச் செய்யக்கூடியவை.

எந்தக் கார்?

முதன்முறையாகச் செய்பவருக்கு ஏற்ற ஓர் எடுத்துக்காட்டு அம்பாசடர். இங்கிலாந்தில் 1956இல் வெளிவந்த மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டது இது. மேற்கு வங்கத்தில் உள்ள உத்தர்பாராவில், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950களின் பிற்பகுதியில் இதைத் தயாரிக்கத் தொடங்கியது. 2014இல் தயாரிப்பு நின்றது. வெளித்தோற்றம் பெரிதாக மாறாமல் இத்தனை நீண்ட காலம் வெளிவந்ததால், பழைய உதிரிபாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. சென்னைப் புதுப்பேட்டையின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கு பழைய வண்டிகளின் பாகங்கள் பிரித்து விற்கப்பட்டு வந்தன. குறைந்த செலவுக்கு முதல் விதி இதுதான்: அரிய காரைத் தேடாதீர்கள்; பாகம் கிடைக்கும் காரைத் தேடுங்கள்.

இரண்டாவது காரணம், பழைய அம்பாசடரில் கணினிக் கருவி எதுவும் இல்லை. பற்றவைப்பு, பிரேக், மின்சுற்று எல்லாவற்றையும் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, சாதாரணக் கருவிகளால் அளக்கலாம். கற்றுக்கொள்ள இதைவிடச் சிறந்த இயந்திரம் வேறென்ன வேண்டும்?

காசு கொடுக்கும் முன் காகிதங்களைப் பார்க்க வேண்டும். பதிவுச் சான்றில் உள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் காரில் பொறிக்கப்பட்டுள்ள எண்களும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். இந்தியாவில் சொந்தக் காரின் முதல் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பிறகு தகுதிச் சோதனை செய்து புதுப்பிக்க வேண்டும். 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, அசல் வடிவம் மாறாத கார்களுக்கென்று 2021இல் தனிப் பதிவு விதிகள் வந்தன. அப்பதிவைப் பெற்ற காரை அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது. காகிதம் சரியில்லாத கார் எவ்வளவு மலிவாக வந்தாலும் அது மலிவன்று.

ஒரு குறிப்பேடு

முதலில் வாங்க வேண்டிய கருவி ஸ்பேனர் அன்று, ஒரு குறிப்பேடு. அதில் ஐந்து தலைப்புகள் எழுதுங்கள்: உடல், பிரேக், எஞ்சின், மின்சாரம், தோற்றம். ஒவ்வொரு தலைப்பின் கீழும் மூன்று பத்திகள் இருக்கட்டும். முதல் பத்தியில் "என்ன சோதித்தேன்", இரண்டாவதில் "என்ன கண்டேன்", மூன்றாவதில் "என்ன செலவாகும்". முதல் இரண்டு பத்திகள் நிரம்பாமல் மூன்றாவது பத்தியில் எதையும் எழுதக்கூடாது. கையில் உள்ள ஒவ்வொரு 100 ரூபாயிலும் 25 ரூபாயைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். பிரித்துப் பார்த்தபின் தெரியவரும் பழுதுகளுக்கு அது தேவைப்படும்.

இன்னொரு விதி: ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் பிரியுங்கள். பிரேக் வேலை முடிந்து பூட்டிய பிறகே எஞ்சினைத் தொடுங்கள். முழுக் காரையும் ஒரேயடியாகப் பிரித்துப் போட்டுவிட்டுப் பணமில்லாமல் நின்றால், கார் மூட்டை மூட்டையான இரும்பாகிவிடும். கழற்றும் முன் கைப்பேசியில் படம் எடுங்கள். போல்ட், நட்டு, வாஷர்களைத் தனித்தனி டப்பாக்களில் போட்டுப் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

துரு: காரின் நோய்

இப்போது சோதனையைத் தொடங்குவோம். துணி சுற்றிய ஒரு சிறு காந்தத்தை எடுத்துக் காரின் உடல் முழுவதும் மெல்ல நகர்த்துங்கள். ஒட்டும் இடத்தில் இரும்புத் தகடு இருக்கிறது. ஒட்டாமல் நழுவும் இடத்தில், பெயிண்டுக்கு அடியில் தகட்டுக்குப் பதிலாகப் பட்டி அப்பியிருக்கிறது என்று பொருள். யாரோ துருவை மூடி மறைத்திருக்கிறார். இரண்டு ரூபாய்க் காந்தம் ஒன்று உங்களைப் பெரிய நட்டத்திலிருந்து காப்பாற்றக்கூடும்.

துரு ஏன் ஏற்படுகிறது? மூன்று சோதனைக் குழாய்களில் ஆணிகளைப் போட்டுச் செய்யும் பள்ளிச் சோதனையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஈரமற்ற காற்றில் உள்ள ஆணி துருப்பிடிப்பதில்லை. கொதித்தாறிய நீரில், மேலே எண்ணெய் மிதக்க வைத்த ஆணியும் துருப்பிடிப்பதில்லை. காற்றும் நீரும் சேர்ந்து படும் ஆணி மட்டுமே துருப்பிடிக்கிறது. இரும்பு எலக்ட்ரான்களை இழக்கிறது. நீரும் ஆக்சிஜனும் சேர்ந்து அவற்றை ஏற்கின்றன. முடிவில் நீரேறிய இரும்பு ஆக்சைடு உண்டாகிறது. உப்பு கலந்த நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் இவ்வினை விரைவாக நடைபெறுகிறது. கடற்கரை ஊர்களில் கார்கள் விரைவில் கெடுவதற்கு இதுவே காரணம்.

துரு, தான் பிறந்த இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். அதனால்தான் பெயிண்டு கொப்புளம் கொப்புளமாக எழும்புகிறது. உப்பித் தெறித்த இடத்தில் ஈரம் மறுபடியும் உட்புகுகிறது. ஆகவே துருவின் மேல் பட்டியோ பெயிண்டோ பூசுவது, சீழ் பிடித்த புண்ணின் மேல் பவுடர் பூசுவது போன்றதே.

அம்பாசடரில் துரு இன்னும் கவனமாகப் பார்க்கப்பட வேண்டியது. லாரியில் உள்ளது போன்ற தனிச் சட்டம் இதில் இல்லை. தகடுகளால் ஆன உடலே காரின் எலும்புக்கூடு. கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதி, தரைத்தகடு, பின் ஸ்பிரிங் பட்டைகள் பிணைக்கப்பட்ட இடம், ஜாக்கி வைக்கும் இடம் ஆகியவையே பாரம் சுமக்கின்றன. இவற்றை ஒரு திருப்புளியின் பிடியால் தட்டிக் கேளுங்கள். "டிங்" என்று தெளிவான ஒலி வந்தால் தகடு நலமாக இருக்கிறது. "டப்" என்று மந்தமாக ஒலித்தால் சந்தேகம்தான். முனையால் அழுத்தினால் உள்ளே இறங்குகிறதா? அப்படியானால் அந்தப் பகுதியை நல்ல தகடு வரும்வரை வெட்டியெடுத்துவிட்டுப் புதுத்தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். இதை ஒரு நல்ல டிங்கரிடம் கொடுங்கள். கதவுகள் மாட்டியிருக்கும் நிலையிலேயே, ஒரு பக்கம் முடித்து மறு பக்கம் செய்யச் சொல்லுங்கள். இரு பக்கமும் ஒருசேர வெட்டினால் உடல் நடுவே தொய்ந்துவிடும். பிறகு கதவே மூடாது.

இந்தப் பகுதிகள் எல்லாம் ஓட்டையாகிவிட்டனவா? அப்படியென்றால் அந்தக் காரை விட்டுவிட்டு வேறு காரைப் பாருங்கள். எஞ்சினைவிடத் துருப்பிடித்த உடலைச் சரிசெய்வதற்குத்தான் பெரும்பாலும் அதிகச் செலவாகும்.

இறுகிய நட்டைக் கழற்றுவது

பழைய காரில் பொறுமையைச் சோதிப்பவை இறுகிப்போன நட்டுகள். பலத்தைக் காட்டினால் மரை கழன்றுவிடும், அல்லது போல்ட் முறிந்துவிடும். இங்கே இரண்டு இயற்பியல் தத்துவங்கள் உதவுகின்றன.

முதலாவது நுண்புழை ஏற்றம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதே போல் மெல்லிய எண்ணெய் மரையின் நுண்ணிய இடுக்குகளுக்குள் தானாகவே ஏறும். மாலையில் விட்டு, மறுநாளும் விட்டு, இரண்டாம் நாள் கழற்றுங்கள். காத்திருப்பதற்குக் காசு இல்லை!

இரண்டாவது வெப்ப விரிவு. இரும்பு, ஒரு பாகை செல்சியஸுக்குத் தன் நீளத்தில் சுமார் 0.000012 பங்கு விரிகிறது. 12 மி.மீ. துளையுள்ள ஒரு நட்டை மட்டும் 300 பாகை சூடாக்கினால் துளை எவ்வளவு விரியும்? 12 × 0.000012 × 300 = 0.043 மி.மீ. மிகச் சிறிய அளவுதான். ஆனால் துருவின் பிடியை உடைக்க அது போதும். பெட்ரோல் டாங்கிக்கோ எரிபொருள் குழாய்க்கோ பிரேக் குழாய்க்கோ அருகில் தீயைக் கொண்டுபோகவே கூடாது. காலியான பெட்ரோல் டாங்கியும் ஆபத்தானதே. உள்ளே தங்கியுள்ள ஆவி காற்றோடு கலந்து வெடிக்கும்.

முதலில் நிற்கட்டும்

கார் ஓடுவதற்கு முன் நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஏன் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆட்களோடு சேர்த்துக் காரின் நிறை 1,200 கி.கி. என்று கொள்வோம். மணிக்கு 60 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். இயக்க ஆற்றல், நிறையின் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் கிடைக்கும். அது ஏறத்தாழ 1,67,000 ஜூல். ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையைச் சுமார் 40 பாகை உயர்த்தப் போதுமான ஆற்றல் இது. காரை நிறுத்தும்போது இவ்வளவும் சில நொடிகளில் பிரேக்கில் வெப்பமாக மாற வேண்டும். வேகம் இரு மடங்கானால் இந்த ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதையும் கவனியுங்கள்.

பாதத்தின் விசை எவ்வாறு சக்கரத்தை அடைகிறது? பாஸ்கல் விதிப்படி. மூடிய திரவத்தின் ஒரு பகுதியில் தரும் அழுத்தம், எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும். உதாரணமாக, நீங்கள் பெடலில் 200 நியூட்டன் விசை தருகிறீர்கள். நெம்புகோல் அமைப்பு அதை 5 மடங்காக்கி 1,000 நியூட்டனாக மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனுக்குத் தருகிறது. பிஸ்டனின் பரப்பு 4 சதுர செ.மீ. என்றால், அழுத்தம் சதுர செ.மீ.க்கு 250 நியூட்டன். சக்கரத்தில் உள்ள வீல் சிலிண்டரின் பரப்பு 5 சதுர செ.மீ. என்றால், அங்கு பிரேக் ஷூவைத் தள்ளும் விசை 1,250 நியூட்டன்.

இதே விதி ஓர் ஆபத்தையும் சொல்கிறது. பழைய கார்களில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே திரவச் சுற்றுதான். ஓரிடத்தில் ஒழுகினால் அழுத்தம் எல்லா இடத்திலும் போய்விடும். ஆகவே ஒரு சக்கரத்தில் மட்டும் ரப்பர் வாஷரை மாற்றி மிச்சம் பிடிக்காதீர்கள். நான்கு வீல் சிலிண்டர்களையும் மாஸ்டர் சிலிண்டரையும் திறந்து, ரப்பர் பாகங்கள் அனைத்தையும் மாற்றுங்கள். ரப்பர்க் குழாய்களையும் சேர்த்து மாற்றுங்கள். சிலிண்டரின் உட்சுவரில் குழி விழுந்திருந்தால் சிலிண்டரையே மாற்ற வேண்டும்.

பிரேக் ஆயிலும் பழையதாகும். அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது. ஈரம் உறிஞ்சிய நிலையில் அந்தக் கொதிநிலை வரம்பு 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக் சூடேறி, ஆயில் கொதித்துக் குமிழிகள் உண்டானால் என்ன ஆகும்? திரவத்தைப் போலன்றிக் குமிழி நசுங்கும். பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது. பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றிவிட்டுப் புதிய புட்டியைத் திறந்து ஊற்றுவதற்கு ஆகும் செலவு, ஓர் உயிருக்கு முன் ஒன்றுமே இல்லை. அவசரத்துக்குக்கூட எஞ்சின் ஆயிலை அதில் ஊற்றக்கூடாது. ரப்பர் உப்பிக் கெட்டுவிடும்.

பழைய பிரேக் லைனிங்குகளில் கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அந்தத் தூசி நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகளுக்குப் பிறகும் கொடிய நோயைத் தரும். பிரேக் டிரம்மை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள். முகமூடி அணிந்து, நீரில் நனைத்த துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அகற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் யாரும் போகக்கூடாது. உறுதியான இரும்புத் தாங்கிகள் கட்டாயம் வேண்டும். அடுக்கிய செங்கல் தாங்காது, நொறுங்கிவிடும்.

டயரையும் மறவாதீர்கள். பள்ளங்கள் தேயாமல் இருந்தாலும் ரப்பர் வயதாகி வெடிக்கும். 2000க்குப் பின் செய்த டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது என்று பொருள்.

எஞ்சினை எழுப்புவோம்

பல ஆண்டுகள் தூங்கிய எஞ்சினை உடனே செல்ஃப் போட்டு எழுப்பக்கூடாது. பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர்ச் சுவரில் துருவால் ஒட்டியிருக்கலாம். நான்கு பிளக்குகளையும் கழற்றுங்கள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு கரண்டி மெல்லிய எண்ணெய் விட்டு இரண்டு நாள் விடுங்கள். பழைய எஞ்சின் ஆயிலை மாற்றுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்டில் போட்டுக் கையால் மெல்லச் சுற்றுங்கள். சுலபமாகச் சுற்றுகிறதா? பாதி வெற்றி கிடைத்துவிட்டது.

இந்த எஞ்சினின் கொள்ளளவை நீங்களே கணக்கிடலாம். நெடுங்காலம் அம்பாசடரில் இருந்த எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 73.025 மி.மீ.; பிஸ்டன் நகரும் தூரம் 88.9 மி.மீ. உருளையின் கன அளவு வாய்பாட்டைப் பயன்படுத்தினால் ஒரு சிலிண்டருக்கு 372.3 கன செ.மீ. வருகிறது. நான்கு சிலிண்டர்களுக்கு 1,489 கன செ.மீ. அக்காலத்து அம்பாசடரின் விவரக் குறிப்பில் உள்ள 1,489 சி.சி. என்ற எண் இங்கிருந்தே வந்தது!

எஞ்சினைப் பிரித்து 'போர்' போட வேண்டுமா வேண்டாமா? இதை ஊகித்துச் சொல்பவர் பலர். அளந்து சொல்ல ஒரு கருவி உண்டு: கம்ப்ரெஷன் கேஜ். பட்டறையில் இரவலாகவே கிடைக்கும். பிளக் துளையில் அதைப் பொருத்தி, எஞ்சினைச் சுற்றி, நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, சதுர அங்குலத்துக்கு 120, 118, 122, 80 பவுண்டு என்று வருவதாகக் கொள்வோம். நான்காவதில் அழுத்தம் கசிகிறது. எந்த வழியாக? அந்தத் துளையில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்கவும். எண் நன்றாக உயர்ந்தால், பிஸ்டன் வளையத்தின் இடுக்கை எண்ணெய் அடைத்துவிட்டது என்று பொருள். குறை வளையத்திலோ சிலிண்டரிலோ உள்ளது. உயராவிட்டால் குறை வால்வில். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் சேர்ந்தாற்போல் குறைந்தால், இடையே உள்ள ஹெட் கேஸ்கட் கிழிந்திருக்கலாம். வால்வு, கேஸ்கட் இரண்டுக்கும் எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றினால் போதும். முழு எஞ்சினையும் பிரிக்கும் செலவு மிச்சம். நான்கும் ஏறத்தாழ சமமாக, நல்ல அளவில் இருந்தால் எஞ்சினைப் பிரிக்காதீர்கள்!

இனி தீப்பொறி. பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். பிளக்கில் பொறி பறக்கப் பதினாயிரம் வோல்ட் போல் வேண்டும். 1831இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலே இங்கு வேலை செய்கிறது. காயிலில் சில நூறு சுற்றுகள் கொண்ட ஒரு சுருளும், பல ஆயிரம் சுற்றுகள் கொண்ட மற்றொரு சுருளும் உள்ளன. 'பாயின்ட்' என்று மெக்கானிக்குகள் சொல்லும் தொடுமுனைகள் திறக்கும்போது முதல் சுருளின் மின்னோட்டம் திடீரென்று நிற்கிறது, காந்தப்புலம் சரிகிறது, இரண்டாம் சுருளில் உயர் மின்னழுத்தம் பிறக்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது இந்த எஞ்சினுக்கு நொடிக்கு 100 பொறிகள் வேண்டும். எனவே பாயின்ட் தேய்வதில் வியப்பில்லை. எமரித் தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து, இடைவெளியை ஃபீலர் கேஜால் சுமார் 0.4 மி.மீ. அளவில் வைத்தாலே பல 'செத்த' எஞ்சின்கள் உயிர் பெறுகின்றன. பிளக் வயர்களைக் கழற்றும் முன் எண்ணிட்டு வையுங்கள். பொறி விழும் வரிசை 1, 3, 4, 2. வயர் மாறினால் எஞ்சின் ஓடாது.

பழைய காரும் புதிய பெட்ரோலும்

டாங்கியில் கிடக்கும் பழைய பெட்ரோலைப் பயன்படுத்தாதீர்கள். எளிதில் ஆவியாகும் பகுதிகள் போய், பிசின் போன்ற கசடு தங்கியிருக்கும். அது கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும்.

புதிய பெட்ரோலிலும் இரண்டு செய்திகளை அறிய வேண்டும். முன்பு பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்திருந்தது. அது மனிதருக்கு நஞ்சு. குறிப்பாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது. 2000ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்த ஈயம் வால்வு அமரும் விளிம்பு தேயாமலும் காத்தது. ஆகவே வேறு காரணத்துக்காக எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்ற நேர்ந்தால், கடினப்படுத்திய வால்வு இருக்கைகளை அப்போதே லேத் பட்டறையில் பொருத்திவிடலாம். அதுவரை அதிக வேகமின்றி ஓட்டினால் தேய்மானம் குறையும்.

இரண்டாவது, எத்தனால். பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கை இந்தியா 2025இல் எட்டியது. எத்தனால் நீரை ஈர்க்கும். பழைய வகை ரப்பர்க் குழாய்களைக் கெடுக்கும். குழாய் வெடித்துச் சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டினால் தீப்பிடிக்கும். ஆகவே எரிபொருள் குழாய்களையும் பம்ப்பின் ரப்பர் தகட்டையும் எத்தனாலைத் தாங்கும் வகையில் மாற்ற வேண்டும். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கப்போகும் காரின் டாங்கியில் பெட்ரோலை விட்டுவைக்கக்கூடாது.

மங்கலான விளக்கு

முன்விளக்கு மங்கலாக எரிகிறது. புது பல்ப் வாங்குவதா? ஓம் விதியைக் கேட்போம். 12 வோல்ட், 48 வாட் விளக்கு என்றால் மின்னோட்டம் 4 ஆம்பியர். விளக்கின் மின்தடை 3 ஓம். எர்த் வயர் உடலைத் தொடும் இடத்தில் துருவினால் அரை ஓம் தடை ஏற்பட்டுவிட்டதாகக் கொள்வோம். மொத்தத் தடை 3.5 ஓம், மின்னோட்டம் 3.43 ஆம்பியர். விளக்குக்குக் கிடைக்கும் திறன் சுமார் 35 வாட்தான். அரை ஓம் துரு, கால் பங்குக்கும் மேற்பட்ட திறனைப் பறித்துவிட்டது! எர்த் முனையைத் தேய்த்துச் சுத்தம் செய்து இறுக்கினாலே போதும். எந்த மின் வேலைக்கும் முன்பு பேட்டரியில் உடலோடு இணைந்துள்ள வயரை முதலில் கழற்றிவிட வேண்டும். எலி கடித்த வயர்களை நாடா சுற்றி ஒப்பேற்றாமல் மாற்றிவிடுங்கள்.

கடைசியில் அழகு

கார் நிற்கிறது, ஓடுகிறது, விளக்கு எரிகிறது. பெரியவர் ஒருவர் சில வாரம் மெதுவாக ஓட்டிப் பார்க்கட்டும். ஒழுக்குகளும் ஓசைகளும் அப்போதுதான் வெளிப்படும். அவற்றையும் சரிசெய்த பிறகே பெயிண்ட் வேலை. முன்னதாகவே பெயிண்ட் அடித்திருந்தால், வெல்டிங்கின் சூடும் சிந்திய பிரேக் ஆயிலும் அதைக் கெடுத்திருக்கும்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். ஆகவே உலர்ந்த தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாமல், நீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளைப் பயன்படுத்துங்கள். பிரைமர் மட்டும் அடித்துவிட்டுப் பணம் வரட்டும் என்று மழையில் விடாதீர்கள். சாதாரண பிரைமர் ஈரத்தை உள்ளே விடும்; அடியில் துரு மறுபடி தொடங்கிவிடும். பணம் போதவில்லையா? துருவுள்ள இடங்களை மட்டும் சரிசெய்து நிறம் பூசி, மீதியை மெருகேற்றிவிட்டால் போதும். நிறம் மங்கிய கார் பாதுகாப்பாக ஓடும்; பிரேக் மங்கிய கார் ஓடக்கூடாது.

செய்து பாருங்கள்

1. ஃபியட் 1100 குடும்பத்தைச் சேர்ந்த பிரிமியர் பத்மினியின் சிலிண்டர் விட்டம் 68 மி.மீ.; பிஸ்டன் நகரும் தூரம் 75 மி.மீ.; சிலிண்டர்கள் நான்கு. எஞ்சின் கொள்ளளவு என்ன?

2. ஓர் எஞ்சினின் கம்ப்ரெஷன் அளவுகள் முறையே 120, 118, 60, 62. எண்ணெய் விட்டும் உயரவில்லை. முதலில் எதைச் சந்தேகிப்பீர்கள்?

3. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் 80 கி.மீ. வேகத்துக்கு மாறினால், பிரேக் ஏற்க வேண்டிய ஆற்றல் எத்தனை மடங்காகும்?

விடைகள்: 1. சுமார் 1,089 கன செ.மீ. 2. மூன்றாம், நான்காம் சிலிண்டர்களுக்கு இடையே உள்ள ஹெட் கேஸ்கட். 3. நான்கு மடங்கு.

அடுத்த முறை ஒரு பழைய கார் உங்கள் கண்ணில் பட்டால், உரிமையாளரின் அனுமதியோடு துணி சுற்றிய காந்தத்தை எடுத்துச் செல்லுங்கள். குறிப்பேட்டின் முதல் பக்கத்தை அங்கேயே தொடங்கிவிடலாம்.